ஒன்றேகால் கிலோ பரிசு

என் கணவருக்குப் பரிசு வாங்கத் தெரியாது என்று சொன்னால் சண்டைக்கு வருவார். வாங்குவதற்கு முன் நாள்கணக்கில் படித்துப் பார்ப்பார், ஊரெல்லாம் விசாரிப்பார். எல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் மருந்துக் கடையில் போய் நிற்பார். என் புகார் அவ்வளவுதான்.

நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பார்க்க வந்த உறவினர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரே புத்திமதியையும் கொண்டுவந்தார்கள்: இனி ஆயுசுக்கும் கனமான எதையும் தூக்கக் கூடாது. சில மாதம் கழித்து, எல்லாம் தூக்கலாம், மெதுவாக ஆரம்பியுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். அவர் பேச்சு எங்கள் வீட்டில் எடுபடவில்லை. அணுபுரம் குடியிருப்பில் எங்களுக்கு இரண்டாவது மாடி. காய்கறிப் பையோடு நான் படியேறினால் கணவர் பாதியிலேயே வந்து பிடுங்கிக்கொள்வார். வாளியைத் தொட்டால் மகள் கத்துவாள். அன்புதான், எனக்குத் தெரியாதா? ஆனால் திருப்போரூர் பக்கத்தில் அடுத்தவர் வயலில் நெல் மூட்டை சுமந்த குடும்பத்தில் பிறந்தவள் நான். ஒரு சுரைக்காயைத் தூக்க ஆள் வைத்தால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

அந்த எரிச்சலில்தான் ஜிம்மில் சேர்ந்தேன். சதுரங்கப்பட்டினம் போகும் சாலையில், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் அது இருக்கிறது. நடத்துகிறவர் கடலோரக் குப்பத்துக்காரர், என்னைவிட இளையவர், என்னை அக்கா என்று கூப்பிடுவார். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கிறதே என்று ஓயாமல் எண்ணெய்த் துணியும் கையுமாக அலைவார். முதலில் வெறும் குச்சி கொடுத்தார், பிறகு வெறும் கம்பி. அப்புறம் கம்பியின் இரண்டு பக்கமும் கனத்துக்கு இரும்புத் தட்டு மாட்டி, தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நிற்கச் சொன்னார். டெட்லிஃப்ட் என்று பேர். முதல் நாள் கம்பி தரையைவிட்டுக் கிளம்பியபோது, தையல் பிரிந்துவிடுமோ என்று வயிற்றைத்தான் நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்குள்ளே சிரித்துக்கொண்டே போனேன்.

இனிமேல்தான் பரிசுக் கதை. என் கணவருக்கு ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. ஹெல்மெட் இல்லாதவனை உள்ளே விடமாட்டார். நான் போயே தீருவேன் என்று தெரிந்ததும், என்னையும் கவசம் மாட்டியே அனுப்பத் தீர்மானித்துவிட்டார். பிறந்தநாளுக்கு இடுப்புவலிக்காரர்கள் கட்டுகிற பெல்ட் வந்தது. அதைக் கட்டினால் குனியவே முடியாது. தீபாவளிக்கு மெத்தென்று பஞ்சு வைத்த கையுறை. அதைப் போட்டால் கம்பி பருத்துப்போய் பிடி நழுவும், எங்கள் பக்கத்து வியர்வைக்குக் கேட்கவே வேண்டாம். பொங்கலுக்கு இரண்டு முட்டிக்கும் உறை. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன், பேட்டிங் இறங்கப் போகிறவள் மாதிரி இருந்தேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் மட்டும் கண்ணும் கருத்துமாகப் பட்டிகளைச் சரிசெய்தார்.

பளு தூக்குகிறவருக்குப் பரிசு வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு நாள் கூடப் போய் உட்கார்ந்து பாருங்கள். தட்டையான அடியுள்ள ஒரு ஜோடி ஷூ, பிடி வழுக்காமல் கைக்குப் பூசும் வெள்ளைச் சாக்குப் பொடி, நல்ல கனத்த துண்டு. இவற்றில் எதுவும் வீண்போகாது. பார்க்காமல் வாங்கினால் உங்கள் பயத்துக்குத்தான் பரிசு வாங்குவீர்கள்.

ஐம்பது கிலோ வரைக்கும் ஒழுங்காக வந்தேன். அங்கே நின்றுவிட்டேன். அந்த ஜிம்மில் இருந்ததிலேயே சின்னத் தட்டு ஐந்து கிலோ. பக்கத்துக்கு ஒன்று மாட்டினால் ஒரேயடியாக அறுபது. ஐம்பது எழும்பும், அறுபது அசையாது. வாரக்கணக்கில் முயன்றேன். உறவினர்கள் சொன்னது சரிதானோ, கத்தி வைத்தபோது என் பலத்தில் ஒரு பகுதியையும் சேர்த்து எடுத்துவிட்டார்களோ என்று தோன்ற ஆரம்பித்தது. வெளியே சொல்லவில்லை. இது என் உடம்புதானா என்ற சந்தேகத்தோடு நடமாடுவது லேசான காரியமில்லை. மாதக் கடைசியோடு நின்றுவிடலாம் என்று முடிவும் செய்திருந்தேன்.

அந்த வாரம் என் ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் இருந்தது. கொண்டுவிட வந்த கணவர், திரும்பப் போய் வருவானேன் என்று ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் முன்னாலேயே அறுபது மறுபடியும் அசையவில்லை. போதும், வா என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்துபோய்த் தட்டு அடுக்கியிருந்த ஸ்டாண்டைக் குனிந்து பார்த்தார்.

“அஞ்சுக்குக் கீழ தட்டே இல்லியா?” என்று கேட்டார்.

“இருந்துச்சி சார். பசங்க அத்தத் தொடவே வெக்கப்படறானுங்க. துருப்புடிச்சிப் போச்சி, பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்” என்றார் ஜிம்காரர்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் கணவர் கேட்டார்.

“பைப்புக்கு பிரஷர் டெஸ்ட் பண்றப்ப ஒரேடியாவா ஏத்தறோம்? கொஞ்சம் ஏத்துவோம், நிறுத்துவோம், பாப்போம். தாங்குச்சின்னா இன்னும் கொஞ்சம். தெனம் அத்தானே பண்ணிக்கினு கீறேன். உனக்கு மட்டும் இன்னாத்துக்கு ஒரேடியா பத்து ஏத்தறாங்க?”

கூடாது என்று அவர் சொல்லவில்லை, எப்படி ஏற்றுவது என்று யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார். மாதக் கடைசியோடு நிற்கும் முடிவை அங்கேயே கைவிட்டேன்.

அடுத்து வந்தது எங்கள் கல்யாண நாள். செங்கல்பட்டில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில், மேல் அலமாரியில் தூசி படிந்து கிடந்ததாம். வண்ணத்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். பிரித்தால், சாஸர் அளவில் இரண்டு இரும்புத் தட்டு. ஒவ்வொன்றும் ஒன்றேகால் கிலோ. பட்டுப்புடவைக்குக்கூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. இத்தனை நாளும் என்னைக் காப்பாற்ற எதையாவது வாங்கிவந்த மனிதர், முதல் தடவையாகத் தூக்குவதற்குக் கனம் வாங்கி வந்திருந்தார்.

ஐம்பத்திரண்டரை எழும்பியது. கனத்தது, ஆனால் எழும்பியது. தீபாவளிக்கு இன்னொரு ஜோடி வந்தது, ஐம்பத்தைந்து. பொங்கலுக்கு மூன்றாவது. அக்கா, உங்க வூட்ல அடுத்த பண்டிகை எப்போ என்று ஜிம்காரர் கிண்டல் செய்வார். வெட்கப்பட்ட பையன்களில் சிலர், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து என்னிடம் அந்தத் தட்டுகளைக் கடன் கேட்டார்கள்.

பொங்கல் போய்ச் சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சின்னத் தட்டுகளைக் கழற்றிவிட்டு ஜிம்மின் ஐந்து கிலோ தட்டுகளை மாட்டினோம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் கணவர். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கையில் சாக்குப் பொடியைத் தேய்த்துக்கொண்டு குனிந்தேன், மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கினேன். கம்பி தரையைவிட்டு எழும்பியது, முழங்காலைத் தாண்டியது. நிமிர்ந்துவிட்டேன். அறுபது கிலோவும் என் கையில் இருந்தது. இது என் உடம்புதான், யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று மனதுக்குள் சொன்னேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. தூக்கியதை இறக்க வேண்டும் என்பதே மறந்துபோய் அப்படியே நின்றேன்.

“மொதல்ல எறக்கு. அப்பறமா அழுவலாம்” என்றார் பாதுகாப்புப் பிரிவுக்காரர்.

இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு அதற்குள் மூக்கே சிவந்துவிட்டிருந்தது.