மூன்றாவது கவுன்ட்டரின் சிவப்பு விளக்கு

1. நான் வேலை பார்க்கும் பட்டுப்புடவைக் கடையில் வாசனை அடிக்கும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள்.
2. அதோடு நாற்றம் கண்டுபிடிக்கும் சென்சார்களும் வந்தன. ஒவ்வொரு கவுன்ட்டருக்கும் மேலே ஒன்று. காற்று சுத்தமாக இருந்தால் பச்சை விளக்கு, நாற்றம் வந்தால் சிவப்பு.
3. மூன்றாவது கவுன்ட்டருக்கு மேலே சிவப்பு எரிந்தது.
4. மூன்றாவது கவுன்ட்டரில் புடவை எடுத்துப் போடுகிறவள் என் அம்மா.
5. ஊழியர்கள் சாப்பிடும் அறையில், மீனும் கருவாடும் கொண்டுவரக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.
6. அம்மாவைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள். விலைச்சீட்டு கட்டும் வேலை.
7. அதற்குப் பிறகும் மூன்றாவது கவுன்ட்டரில் சிவப்பே எரிந்தது.

ஏழாவதைப் படித்தால் ஆறாவது தப்பு என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். எங்கள் மேனேஜருக்குப் புரியவில்லை. "வாடை மரத்துல ஊறிப்போச்சும்மா. ஆளு போனாலும் அது போறதுக்கு நாளாவும்," என்றார்.

கடையின் கணினிகள், கேமராக்கள், யுபிஎஸ் எல்லாம் என் பொறுப்பு. நான் படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன், அதாவது அளக்கும் கருவிகளைப் பற்றிய படிப்பு. அப்படி இருந்தும் இந்த மெஷினைப் பற்றி என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெஷின் கம்பெனி சார்பில் சென்னையிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார், முதலாளியின் அறையில் உட்கார்ந்து பேசினார், முடிந்தது. ஏசி குழாயில் மெஷினை மாட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொள்ள மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள்.

"வாசனைதான் மேடம் மெமரி," என்றார் டைக்காரர், ஏணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. "கஸ்டமர் புடவையை மறந்துடுவாங்க. வாசனையை மறக்க மாட்டாங்க."

புடவையை மறந்துவிட்டால் புடவைக் கடைக்கு என்ன லாபம் என்று நான் கேட்கவில்லை. ஏணி ஆடிக்கொண்டிருந்தது.

மெஷினில் ஊற்றும் எண்ணெய்க்கு 'கோயில் காலை' என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்த ஊரில் கோயிலுக்குப் பஞ்சம் இல்லை. காலையில் எந்தக் கோயிலுக்குள் போனாலும் வௌவால் எச்சம், பழைய விளக்கெண்ணெய், ஈரக் கருங்கல், மிதிபட்ட துளசி எல்லாம் சேர்ந்து அடிக்கும். அதைப் பாட்டிலில் அடைத்துக் கொடுத்திருந்தால் அந்த ஆளை மதித்திருப்பேன். அவர் கொண்டுவந்தது பைபாஸ் ஓட்டல்களில் கை கழுவும் இடத்தில் வரும் வாசனை, மல்லிகை கொஞ்சம் தூக்கலாக.

சென்சாரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். உள்ளே சூடாக இருக்கும் ஒரு சின்ன வில்லை, அவ்வளவுதான். ஆவியாகும் பொருள் எது அதன் மேல் பட்டாலும் எண் ஏறும். சானிடைசர், நெயில் பாலிஷ், சாக்கடை, மல்லிகை எசென்ஸ் எல்லாம் அதற்கு ஒன்றுதான். ஏதோ இருக்கிறது என்று சொல்லும், என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரியும் என்று அது சொல்லிக்கொண்டதும் இல்லை. சொன்னது கம்பெனி. மேனேஜரின் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எண் ஏறினால், மூக்கைப் பொத்திக்கொண்ட ஒரு சிவப்பு முகம் அதில் வரும். அந்த முகம் வந்த பிறகு யாரும் எதையும் யோசிப்பதில்லை.

சிவப்பு வந்தால் மெஷின் தானாகவே இன்னும் கொஞ்சம் வாசனை அடிக்கும். ஏசி குழாயின் வாய் மூன்றாவது கவுன்ட்டருக்கு நேர் மேலே இருக்கிறது. வாசனை முழுக்க அங்கேதான் இறங்கும். எண்ணெயின் ஆவி சென்சாரில் படும், எண் ஏறும். எண் ஏறியதால் மெஷின் மறுபடி அடிக்கும். தான் அடித்த வாசனையையே நாற்றம் என்று எண்ணி, அதை மறைக்க மேலும் மேலும் அடித்துக்கொள்ளும் ஒரு இயந்திரம். இதற்குப் பெயர் ஸ்மார்ட்.

சிவப்பு எரிந்த அன்று யாரும் மேலே குழாயைப் பார்க்கவில்லை. வாடை என்ற சொல் விழுந்ததும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எல்லோருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. மேனேஜர் மத்தியானம் கீழே இருக்கும் சாப்பாட்டு அறைக்கு வந்து டிபன் பாக்ஸ்களை எட்டிப் பார்த்தார். எல்லாருடையதையும் இல்லை. எங்கள் தெருப் பெண்கள் உட்காரும் மூலையில் இருந்ததை மட்டும்.

"இன்னாமா குழம்பு?"

"மீனுங்க. தென்னேரி ஏரி மீனு," என்றாள் அம்மா. "நெறய இருக்குது, ஒரு துண்டு வெக்கட்டா?"

"ஐய, வேணாம்மா. அதான் மேல செவப்பு காட்டிக்கினு இருக்குது."

"சோறு இங்கதான சார் துன்றோம்? வெளக்கு மேலதான எரியுது?"

"துன்னுட்டு மேலதான வரீங்க?"

சிலர் சிரித்தார்கள். ஐந்தாவது கவுன்ட்டர் அக்கா ஒருத்தி, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அன்னிக்கு மழைன்னு உங்க கார்ல ஏறினேனே சார், பிரியாணி வாடை தூக்குச்சு. அதுக்கு ஒரு சென்சார் வெக்கலாம்ல?" என்றாள்.

"அது வேற," என்றார் மேனேஜர். எப்படி வேறு என்று சொல்லவில்லை. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அதை விளக்கவும் தேவையில்லை. மறுநாள் நோட்டீஸ் வந்தது.

அன்று மாலை அம்மா என் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து ஓரிக்கையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வீட்டுக்குள் போனதும் குளித்தாள். காலையில் குளித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே, கழற்றிப் போட்ட ரவிக்கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"ஏண்டி, நீ சொல்லு. எம்மேல வாடை வருதா?"

"இல்லமா."

"அங்க நின்னுக்கினே சொல்ற. கிட்ட வந்து பாத்துச் சொல்லு."

கிட்டப் போனேன். ரவிக்கையில் பவுடர் இருந்தது, கொஞ்சம் வியர்வை இருந்தது. அதற்கெல்லாம் மேலே அந்தப் பாட்டில் மல்லிகை ஏறி உட்கார்ந்திருந்தது.

"மெஷினோட வாடைதான் வருதும்மா."

"பாத்தியா, வருதுன்றியே."

"அது மெஷின்மா!"

"மெஷின்னா அது ஏன் என் தல மேல மட்டும் எரியணும்? அத்தினி பேரு நிக்கிறாங்க."

நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் ஏசி குழாயையும் மெஷினையும் சென்சாரையும் வரைந்து காட்டினேன். அம்மா பொறுமையாகப் பார்த்தாள், தலையாட்டினாள். மறுநாள் மளிகைக் கடையிலிருந்து வேறு சோப்பு வாங்கி வந்தாள். வீட்டில் மீன் வாங்குவதும் நின்றது. அவ்வளவு படிப்பு படித்த என் விளக்கம் ஒரு விளக்கின் முன்னால் அவ்வளவுதான் எடுபட்டது.

கீழ்த்தளத்துக்கு அனுப்புவதை எங்கள் கடையில் தண்டனை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் முகூர்த்த மாதங்கள் முடிந்ததும் ஆள் குறைப்பது அங்கிருந்துதான் தொடங்கும். மேலே நிற்பவர்களைக் கேட்டு வாடிக்கையாளர்கள் வருவார்கள். பெரிய பெண்ணின் கல்யாணத்துக்கு அம்மாவிடம் எடுத்தவர்கள் இரண்டாவது பெண்ணுக்கும் அவளைத் தேடித்தான் வந்தார்கள். கீழே விலைச்சீட்டு கட்டுகிறவளைத் தேடி யாரும் வர மாட்டார்கள். சீசன் முடியும் வரை அம்மா அங்கேயே இருந்துவிட்டால் வேலை போய்விடும். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

எனக்கும் மூக்கு ஒரு தொழில் கருவிதான். யுபிஎஸ் அறையைத் திறந்ததும் லேசான கருகல் வாடை வந்தால், திரையில் எல்லாம் சரி என்று காட்டினாலும் நான் நம்ப மாட்டேன். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிந்தால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். நான் மதிக்கும் வாசனைத் தொழில்நுட்பம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் எதையாவது மூடி மறைக்கும் வேலை. இப்போது துணி சோப்பு, குப்பைப் பை, கொசு மருந்து, தரை துடைக்கும் தண்ணீர் என்று எல்லாவற்றிலும் லாவெண்டர். லாவெண்டரை நேரில் பார்த்தவர் ஒருவர்கூட எங்கள் தெருவில் இல்லை.

ஒரு நாள் காலையில் கடை பெருக்குகிற ஆயா மட்டும் வந்திருந்த நேரத்தில் கடைக்குப் போய் மெஷினை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது கவுன்ட்டரில் பச்சை வந்தது. மெஷினைப் போட்டேன். நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சிவப்பு. மறுபடி நிறுத்தினேன், பச்சை. எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து மேனேஜரிடம் காட்டினேன்.

அவர் முழுவதும் பார்த்தார். "ஆளே இல்லாத நேரத்துல போட்டா மெஷின் கன்பியூஸ் ஆவாதாம்மா?" என்றார்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். டைக்காரர்தான் எடுத்தார். "மேடம், அது ஏஐ. போகப் போக அதுவே கத்துக்கும்."

"எதைக் கத்துக்கும்?"

"உங்க கடையோட பேட்டர்னை."

கடையின் பேட்டர்னை அது ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. போனை வைத்துவிட்டேன்.

முகூர்த்த நெருக்கம் தொடங்கியது. திருத்தணிப் பக்கமிருந்து ஒரு கல்யாண வீட்டார் வேன் வைத்து வந்தார்கள். கல்யாணப் பெண்ணின் பெரியம்மாதான் அவர்களுக்குத் தலைமை. சாய்வாக விழும் வெளிச்சத்தில் ஒவ்வொரு புடவையாக வைத்துப் பார்த்து, அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்து மூன்றாவது கவுன்ட்டரில் போட்டார். அங்கே அம்மாவுக்குப் பதிலாகப் புதிதாக ஒருவர் நின்றிருந்தார்.

"நூலு கொளுத்திக் காட்டுப்பா," என்றார் பெரியம்மா.

இது எங்கள் ஊரில் வழக்கம். புடவை ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவிக் கொளுத்தினால், அசல் பட்டாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும். கலப்படமாக இருந்தால் பிளாஸ்டிக் வாடை வரும். ஊரின் மொத்த வியாபாரமும் அந்த ஒரு நாற்றத்தை நம்பித்தான் நடக்கிறது. அதன் மேல்தான் எங்கள் முதலாளி விலை கொடுத்து வாசனை ஊற்றியிருந்தார்.

இழை எரிந்தது. பெரியம்மா குனிந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"இன்னாபா இது? பட்டு கொளுத்தினா மல்லிப்பூ வாசன வருது?"

"அது கடையோட வாசனைங்க. நூல் அசல்தான். சாம்பலைப் பாருங்க, விரல்ல தேச்சா பொடியாவுது."

"சாம்பல யாருப்பா கேட்டா? ஊதுவத்தி கூடத்தான் சாம்பலாவுது. எனக்கு நாத்தம் வரணும்!"

மேனேஜர் ஓடி வந்தார். இன்னொரு இழை, பிறகு இன்னொன்று. கொளுத்தக் கொளுத்தப் புகை மேலே போய் சென்சாரில் பட்டது. மெஷின் தன் கடமை தவறாமல் உஸ் உஸ் என்று மல்லிகையை இறக்கியது. கூட வந்த ஒருவர் தும்ம ஆரம்பித்தார். மேலே சிவப்பு விளக்கைக் கவனித்துவிட்ட கல்யாணப் பெண், "பெரிம்மா, அங்க பாரு, போலின்னா செவப்பு வரும்போல," என்றாள்.

பெரியம்மா இழையையும் தீப்பெட்டியையும் வாங்கிக்கொண்டு தெருவுக்கு நடந்தார். பின்னாலேயே கல்யாண வீட்டார், அவர்களுக்குப் பின்னால் மேனேஜர், கடைசியில் நான். கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில், ஆட்டோ புகைக்கும் திறந்த கால்வாய்க்கும் நடுவில் நின்று கொளுத்தினார்.

"ஆங், இப்ப வருது பாரு! முடி கருகுற நாத்தம்!"

"அதாம்மா சொன்னேன், அசல்," என்றார் மேனேஜர் வியர்த்துப்போய்.

"நூலு அசல்தான்பா. ஆனா அசல் சரக்கு விக்கிறவன் எதுக்கு சென்ட் அடிக்கிறான்?"

ஜூஸ் வண்டிக்காரர் உட்படப் பலர் சிரித்தார்கள். கல்யாண வீட்டார் எதிர்க் கடைக்குள் போனார்கள். அந்தக் கடையில் வாசனை மெஷின் இல்லை. அங்கே விளக்குக்குப் பதில் டியூப்லைட்டில் பல்லி இருந்தது.

மாலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். மேனேஜர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அந்த மெஷின நிறுத்திடும்மா."

"சென்சார், சார்?"

"வெளக்கு இருக்கட்டும். பாக்க நல்லா இருக்குது, கஸ்டமரும் கேக்கறாங்க. பச்சையாவே எரியிற மாதிரி வெச்சிடு."

"எங்கம்மாவ மேல வரச் சொல்லட்டுமா, சார்?"

"உங்கம்மா யாரு?"

"மூணாவது கவுன்ட்டர்."

"அவங்க ஏன் கீழ இருக்காங்க? இந்த நேரத்துல?" என்று மேனேஜரைப் பார்த்தார்.

"நானும் அதாங்க யோசிச்சுக்கினு இருந்தேன்," என்றார் மேனேஜர்.

என் படமும் வரைபடமும் கம்பெனிக்குப் போட்ட போனும் செய்யாததை கை நழுவிய ஒரு வியாபாரம் செய்தது. யாரும் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை "மேல போங்கமா" என்றார்கள், போனாள்.

இப்போதைய நிலவரம் இது. மெஷின் கீழ்த்தளத்தில், விலைச்சீட்டு கட்டும் மேசைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எல்லாக் கவுன்ட்டருக்கும் மேலே பச்சை எரிகிறது. அந்த விளக்குகளுக்கு வெறும் மின்சாரம் மட்டும்தான் போகிறது, சென்சார்களைக் கழற்றிவிட்டேன். சாப்பாட்டு அறை நோட்டீஸை யாரும் எடுக்கவில்லை. அம்மா மூன்றாவது கவுன்ட்டரில் நிற்கிறாள், சீசன் முடிந்தும் நிற்கிறாள். மத்தியானத்துக்குத் தயிர்சாதம் கொண்டுபோகிறாள். காலையில் ஸ்கூட்டியில் ஏறுவதற்கு முன்னால், நான் பார்க்கவில்லை என்று நினைத்து, முந்தானையை ஒரு முறை முகர்ந்துகொள்கிறாள்.