டேங்குக்கு எதுக்கு ஏசி?

போன மாசம் எங்க ஃப்ளாட்ஸ் செகரட்டரி சார், என் பதினோரு செடித் தொட்டியையும் முன் பிளாக் மாடியிலிருந்து இறக்க வச்சார்.

"மொட்டை மாடின்னா மொட்டையா இருக்கணும்மா"ன்னார், எல்லார் முன்னாடியும், சிரிச்சுக்கிட்டே. கறிவேப்பிலைத் தொட்டியை மட்டும் அவரே எடுத்துக்கிட்டார்.

அந்தச் சிரிப்பை நான் மறக்கலை.

பின் பிளாக் மாடிச் சாவி அவர்கிட்ட மட்டும்தான். கேட்டா, "தண்ணி டேங்க் இருக்கு, யாரும் போகக் கூடாது"ம்பார்.

இன்னிக்குக் காலைல மீட்டிங். பில்டிங்குக்கு பெயின்ட் அடிக்கணுமாம். "எங்கெங்க அடிக்கணும்னு 3டி மேப்ல பாத்துடலாம் சார்"னு பணிவா சொல்லி, போன் ஸ்கிரீனை மீட்டிங் ஹால் டிவில போட்டேன்.

மயிலாப்பூர் குளத்துலேருந்து மெதுவா எங்க தெருவுக்கு வந்தேன். பில்டிங்கைச் சாய்ச்சு, பின்பக்கம் திருப்பினேன்.

டேங்கை ஒட்டி நீலத் தகரம் போட்ட ஒரு ரூம். வெளியில ஏசி பெட்டி.

கீழ் வீட்டு மாமிதான் முதல்ல வாயைத் திறந்தாங்க. "டேங்குக்கு எதுக்கு ஏசி?"

"அது பழைய படம்"னார் செகரட்டரி.

"அப்ப சாவியைக் குடுங்க சார், போய்ப் பாத்துடலாம். மொட்டை மாடின்னா மொட்டையா இருக்கணுமே"ன்னேன் நான்.

சாவி எங்கே வச்சார்னு அவருக்கு இன்னும் ஞாபகம் வரலை.

ஆனா அவர் சொன்னது சரிதான், படம் பழசு. முன் பிளாக் மாடியில என் பதினோரு தொட்டியும் அதுல பச்சையா நிக்குது. அதை இறக்கச் சொல்லி யாருக்கு நோட்டீஸ் அனுப்புவார்னு நினைக்கறீங்க?