எழுபதில் நின்ற முள்

எனக்குப் பதினொரு வயதானபோது ஒரு முள்ளைக் காவல் காக்கும் வேலை கிடைத்தது. எங்கள் ஊர் மகளிர் குழுவுக்கு வந்திருந்த மினி டிராக்டரில், ஓட்டுகிறவர் சீட்டுக்கு வலது பக்கம் புதிதாக மாட்டியிருந்த பிரஷர் மீட்டரின் முள் அது.

குழுவில் பன்னிரண்டு பெண்கள். டிராக்டர் வந்து இறங்கிய அன்று பன்னிரண்டு பேரும் அதற்குப் பொட்டு வைத்தார்கள், மாலை போட்டார்கள், பங்குச் சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்தார்கள். ஓட்டக் கற்றுக்கொண்டது மட்டும் என் சித்தி ஒருத்திதான். அம்மாவின் தங்கை. அம்மாவுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. சித்தி அதில் ஏறி உட்கார்ந்தால் அம்மா கழுத்திலிருக்கும் ஜெபமாலையைப் பிடித்துக்கொள்வாள். பிரம்மதேசம் சுற்றுவட்டாரத்தில் எங்கள் ஆட்கள் பிறர் நிலத்தில் குனிந்து வேலை செய்துதான் பழக்கம். அதே நிலத்தில் சித்தி நிமிர்ந்து உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்துப் போவதைப் பார்க்க எனக்கு இருந்த பெருமையை எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடத்தில் யார் எதைப் பற்றிப் பேசினாலும், கடைசியில் அந்தப் பேச்சைச் சித்தியின் டிராக்டரில் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன்.

டிராக்டருக்குப் பின்னால் ரொட்டவேட்டர் மாட்டியிருக்கும். உருளையைச் சுற்றி வளைந்த கத்திகள். அது சுழன்றால் கட்டி மண்ணெல்லாம் மாவாகிவிடும். அதைத் தூக்குவதும் இறக்குவதும் எண்ணெயின் அழுத்தம். அந்த வருடம் அது கோளாறு செய்ய ஆரம்பித்தது. தூக்கி நிறுத்திய ரொட்டவேட்டர் நின்ற இடத்தில் நிற்காமல் கொஞ்சம் இறங்கும், பிறகு தானாகவே மேலே எகிறும். வெட்டுக்கிளி மாதிரி குதித்துக்கொண்டே வரும். திண்டிவனத்திலிருந்து வந்த மெக்கானிக் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எங்கேயோ எண்ணெய் கசிகிறது, எங்கே என்று தெரியாமல் பிரித்தால் பேஜாராகிவிடும் என்றார். சின்னக் குழாய் ஒன்றை இழுத்து, அதன் முனையில் அந்த மீட்டரை மாட்டினார்.

"இன்ஜின் ஓடறப்ப, லிப்ட் தூக்கறப்ப, முள்ளு எதுல நிக்குதுன்னு ஒரு வாரம் எழுதி வைங்க. அதப் பாத்துட்டு எதப் பிரிக்கறதுன்னு முடிவு பண்ணிக்கலாம்" என்றார்.

எழுதும் வேலையைச் சித்தி எனக்குக் கொடுத்தாள். சனி ஞாயிறு முழுக்க, மற்ற நாளில் பள்ளி விட்டு வந்த பிறகு. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு கிழித்து, தேதி, நேரம், முள் நின்ற இடம் என்று எழுதினேன். ரொட்டவேட்டர் தூக்கியிருக்கும்போது முள் பெரும்பாலும் எழுபதில் நிற்கும். தரையில் இறங்கிவிட்டால் சரசரவென்று கீழே வந்து பூஜ்யத்தில் படுத்துக்கொள்ளும். இரண்டு நாள் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முள் மேலே என்றால் ரொட்டவேட்டர் மேலே. முள் கீழே என்றால் ரொட்டவேட்டர் கீழே. சித்தியிடம் சொன்னேன். "பரவால்லடி, மெக்கானிக்காவே ஆயிட்ட" என்றாள். அவளுக்கும் அதுவே சரியென்று பட்டிருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் வானம் மூடிக்கொண்டு இருந்தது. மழைக்கு முன்னால் ஓட்டிவிடச் சொல்லி மூன்று பேர் கேட்டிருந்தார்கள். முதலில் ஒரு மல்லாட்டைக் கொல்லை. நிலக்கடலை பிடுங்கி முடித்த நிலம். பன்றிக்குப் பயந்து கொல்லையைச் சுற்றிப் பழைய புடவைகளை வேலியாகக் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு பச்சைப் புடவை அவிழ்ந்து மண்ணில் கிடந்ததைச் சித்தி கவனிக்கவில்லை. கடைசிச் சாலில் திரும்பும்போது ரொட்டவேட்டர் அதை வாயில் போட்டுக்கொண்டது. ஆறு கெஜப் புடவை முழுக்கக் கத்திகளில் சுற்றி, உருளை இறுகி, வண்டி முக்கிக்கொண்டு நின்றது.

சித்தி லிவரை இழுத்து ரொட்டவேட்டரைத் தூக்கினாள். இன்ஜினை அணைத்தாள். இதற்கு முன்னால் இப்படி ஆனபோதெல்லாம் அடியில் ஒரு பனங்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கை வைப்பாள். அன்றைக்கு அந்தக் கட்டையை முந்தின நாள் ஓட்டிய கொல்லையில் விட்டுவிட்டு வந்திருந்தோம். சித்தி வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சீட்டுல ஏறி உக்காரு. முள்ளையே பாத்துக்கினு இரு. கொஞ்சம் எறங்கினாலும் கத்து, நான் வெளிய வந்துடறேன்."

நான் ஏறி உட்கார்ந்தேன். சித்தி கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். புடவை நடு உருளையில் இறுகியிருந்ததால் பக்கவாட்டிலிருந்து எட்டவில்லை. மண்ணில் மல்லாந்து படுத்து, இடது கையையும் தோளையும் கத்திகளுக்கு அடியில் நுழைத்து அறுக்கத் தொடங்கினாள். எனக்கு அவள் கால் மட்டும்தான் தெரிந்தது, அதுவும் திரும்பிப் பார்த்தால். நான் திரும்பவில்லை. முள்ளையே பார்த்தேன். எழுபது.

"இன்னா சொல்லுது?"

"அப்படியே இருக்கு சித்தி."

புடவை கிழியும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவள் மறுபடியும் கேட்டாள். நான் அதையே சொன்னேன். பிறகு அவள் கேட்காமலே நானாகச் சொல்லத் தொடங்கினேன். கண்ணை இமைத்தால் அந்த நேரம் பார்த்து முள் விழுந்துவிடுமோ என்று இமைக்காமல் இருந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்து முள் இரண்டாகத் தெரிந்தது. துடைத்துக்கொண்டேன். ஒன்றுதான். எழுபதுதான்.

அப்போது ரோட்டில் ஐஸ்காரரின் ஹாரன் கேட்டது. சனிக்கிழமையில் மட்டும் வருவார். வண்டியை நிறுத்துகிறாரா, நேராகப் போய்விடுகிறாரா என்று தலையைத் திருப்பிப் பார்த்தேன். நிறுத்தவில்லை. புளியமரம் தாண்டும் வரை பார்த்தேன் என்றுதான் நினைவு. ஒருவேளை அதற்கும் கொஞ்சம் அதிகமாகவே பார்த்திருக்கலாம். திடுக்கிட்டுத் திரும்பினால், முள் எழுபதில் நின்றுகொண்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது.

"அப்படியே இருக்கு சித்தி" என்றேன், வழக்கத்தைவிடச் சத்தமாக.

சொல்லி வாய் மூடவில்லை. முள் அறுபது, நாற்பது, இருபது என்று வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"எறங்குது சித்தி! எறங்குது!"

பின்னாலிருந்து சித்தி கத்தவில்லை. மூச்சை யாரோ மிதித்து வெளியே தள்ளிய மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது.

குதித்து ஓடிப்போய்ப் பார்த்தேன். ரொட்டவேட்டர் தரையில் உட்கார்ந்திருந்தது. ஓரத்துக் கத்தி ஒன்று சித்தியின் முழங்கைக்கு மேலே ஏறி, கையை மண்ணோடு சேர்த்து அழுத்தியிருந்தது. ரவிக்கைத் துணி கருத்து நனைந்துகொண்டு வந்தது. முகமெல்லாம் மண். கண் மட்டும் பெரிதாக விழித்திருந்தது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சாவியைத் திருகி லிவரை இழுத்தால் ரொட்டவேட்டர் மேலே போகும். மறுபடியும் சீட்டுக்கு ஓடினேன். "சாவி போடட்டா சித்தி?" என்று கேட்டுக்கொண்டே சாவியில் கை வைத்துவிட்டேன்.

"தொடாத!" அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை. "சாவியத் தொடாத! கியர எடுத்தனா இல்லியானு தெரில. இன்ஜின் ஓடுச்சுனா கத்தி சுத்தும். எறங்கு. அம்மாவக் கூப்புடு."

கத்திகளைச் சுழற்றும் கியர் என் காலடியில்தான் இருந்தது. அது எந்தப் பக்கம் இருந்தால் சுற்றும், எந்தப் பக்கம் இருந்தால் சுற்றாது என்பது எனக்குத் தெரியாது. கையைச் சாவியிலிருந்து எடுத்தேன்.

அம்மா கொல்லையின் மறுகோடியில், மண்ணில் தங்கிப்போன மல்லாட்டைகளைக் களைக்கொத்தால் கிளறிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா" என்று கத்தினேன். ஓடினேன். நான் ஓடிவந்த தினுசைப் பார்த்தே அம்மா மடியிலிருந்த மல்லாட்டையை உதறிவிட்டு எழுந்துவிட்டாள்.

"மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், தங்கையைப் பார்த்ததும் ரொட்டவேட்டரைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். அது அசையவில்லை.

"தூக்க முடியாதுக்கா" என்றாள் சித்தி. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "மொதல்ல கல்லு வை. இன்னும் எறங்கிடப் போவுது."

மோட்டார் கொட்டகையில் ஹாலோபிளாக் கற்கள் கிடந்தன. தனியாக ஒன்றைக்கூட நான் அதுவரை தூக்கியதில்லை. அன்றைக்கு இரண்டு கொண்டுவந்தேன், ஒவ்வொன்றாக, வயிற்றோடு அணைத்துக்கொண்டு. இரண்டு பக்கமும் சட்டத்துக்கு அடியில் சாய்த்து முட்டுக் கொடுத்தோம். பிறகு அம்மா சித்தியின் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கையை இழுக்காமல், கைக்கு அடியிலிருந்த மண்ணைக் களைக்கொத்தால் பறிக்கத் தொடங்கினாள். அந்த இயந்திரத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. மண்ணைத் தெரியும். கத்தி படாமல், தோல் படாமல், கடலைக்காயை உடையாமல் எடுக்கிற அதே கையால் பறித்தாள். கொஞ்ச நேரத்தில் களைக்கொத்தையும் போட்டுவிட்டு விரலாலேயே தோண்டினாள். கைக்கும் கத்திக்கும் நடுவில் ஓர் இடைவெளி தெரிந்ததும், "இப்ப இழு" என்றாள். சித்தி கையை உருவிக்கொண்டு புரண்டு வெளியே வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தவை துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. யாரோ ஒருவரின் லோடு ஆட்டோ. சித்தியின் கையைச் சுற்றியிருந்த அம்மாவின் துண்டு. திண்டிவனம் ஆஸ்பத்திரியின் நீளமான பெஞ்சு. எலும்பில் விரிசல், பதினான்கு தையல், உழுத மண் பொலபொலவென்று இருந்ததால் கை தப்பித்தது என்று டாக்டர் சொன்னார்.

அந்தப் பெஞ்சில் வைத்துத்தான் அம்மா கேட்டாள். "நீ முள்ளப் பாத்துக்கினுதான இருந்த?"

"பாத்துக்கினுதான் இருந்தேன்."

"கண்ண எடுக்கலியே?"

"எடுக்கல."

உள்ளேயிருந்து கட்டோடு வந்த சித்தி, "அவள ஏன் கேக்கற? அவ சொல்லிக்கினுதான் இருந்தா" என்றாள். அம்மா அதன் பிறகு கேட்கவில்லை. ஐஸ்காரரைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் பார்க்காத அந்த நேரத்தில் முள் ஒருமுறை இறங்கி ஏறியிருக்கும் என்றே நினைத்தேன்.

மறுவாரம் மெக்கானிக் வந்து லிப்டைப் பிரித்தார். உள்ளே ஒரு ரப்பர் வளையம் தேய்ந்துபோயிருந்தது. சித்தியிடம் அவர் முள்ளைப் பற்றி ஏதோ நெடுநேரம் விளக்கிக்கொண்டிருந்தார். நான் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன், ஆனால் கேட்கவில்லை. எந்த நிமிடத்தில் முள் இறங்க ஆரம்பித்தது என்பதை இவர் கண்டுபிடித்துவிடுவார் என்ற பயத்தில் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். நோட்டின் பின்பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

மூன்று மாதத்தில் சித்தி மறுபடியும் டிராக்டரில் ஏறிவிட்டாள். இடது கை மட்டும் முழுதாக நீளாது. கோயிலில் கை கூப்பும்போது ஒரு முழங்கை கொஞ்சம் உயர்ந்து நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஹாரன் அடிக்கும். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினாலும், சித்தி புதுத்துணி எடுத்துக் கொடுத்தாலும், உண்மை தெரிந்தால் இப்படியெல்லாம் செய்வாளா என்றுதான் தோன்றும். ஏழு வருடம் இப்படியே போனது.

இடையில் பத்தாவது முடித்து விழுப்புரத்தில் டிப்ளமோ மெக்கானிக்கல் சேர்ந்தேன். இரண்டாம் வருடம், ஹைட்ராலிக் லேப். சார் ஒரு சிலிண்டரின் மேல் எடைக்கல்லை வைத்து, எண்ணெயை ஏற்றித் தூக்கினார். மீட்டரில் முள் ஏறி நின்றது. பிறகு ஒரு வால்வை மயிரிழை அளவு திறந்துவிட்டு, எங்களைப் பார்க்கச் சொன்னார். எடைக்கல் மெல்ல மெல்ல இறங்கியது. முள் அசையவில்லை. எடைக்கல் பாதி தூரம் வந்தது. முள் அங்கேயே நின்றது. கல் தரையைத் தொட்டதும், முள் சடாரென்று விழுந்தது.

எண்ணெய் எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது என்பதைத்தான் முள் சொல்லும், பாரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது என்றார் சார். மற்றவர்கள் நோட்டில் எழுதினார்கள். நான் எடைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் நான் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நேரமும் ரொட்டவேட்டர் இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஐஸ்காரர் வராமலே இருந்திருந்தாலும் முள் அப்போதுதான் விழுந்திருக்கும்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி சித்திக்குப் போன் செய்தேன். லேபில் பார்த்ததைச் சொன்னேன். பிறகு, ஏழு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையும் சொன்னேன்.

சித்தி சிரித்தாள். "ஐஸ்காரன் போனது எனக்கும்தான்டி கேட்டுச்சு. இதுக்கா இத்தினி வருசம் மூஞ்சிய மறைச்சிக்கினு திரிஞ்ச?"

"முள்ளப் பத்தி உனக்குத் தெரியுமா சித்தி?"

"அப்பவே மெக்கானிக் சொன்னாரே. நீ சின்னப் பொண்ணு, மறந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்." போனில் டிராக்டர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "அது எறங்குறது எனக்குத் தெரிஞ்சுதுடி. ரொட்டவேட்டர் தகடு மூக்குக்கு நேரா வந்துக்கினு இருந்துச்சு. எழுந்துடலாமான்னு பாத்தேன். நீ மேல இருந்து அப்படியே இருக்கு, அப்படியே இருக்குன்னு சொல்லிக்கினு இருந்த. சரி, நமக்குத்தான் கண்ணு ஏதோ பண்ணுதுன்னு நெனச்சிக்கினு அறுத்துக்கினு இருந்தேன்."

திண்டிவனம் பஸ் வந்து நின்றது. ஆட்கள் என்னை இடித்துக்கொண்டு ஏறினார்கள். நான் போனைக் காதில் வைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றேன். பதினொரு வயதில் எனக்கு இருந்த பயமெல்லாம் சித்தி இனிமேல் என்னை நம்பமாட்டாள் என்பதுதான். தன் கண்ணைவிட என் குரலை அவள் நம்பியிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.