குதிரை கடிக்காது என்றவர்

சூசைதாசன் கிளமென்ற்; பிறப்பு 1964, மன்னார்; 1988 முதல் சுவிற்சர்லாந்து. அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் உட்கார்ந்தபடி எடுக்கமாட்டார். எழுந்து, கழுத்துப் பொத்தானைப் பூட்டி, தொண்டையைச் செருமிய பின்பே "ஹலோ" என்பார். மறுமுனையில் ஏதேனும் ஓர் அலுவலகம் என்று தெரிந்தால், கேள்வி முடியுமுன்பே பதில் வந்துவிடும்: "அலெஸ் குவெட்." எல்லாம் நல்லம். அகதி விண்ணப்பம் முடிவாகாதிருந்த ஆண்டுகளில் பழகிய சொல் அது. குறை சொன்னால் கோப்பைத் திறப்பார்கள் என்பது அவரது அச்சம். குடியுரிமை கிடைத்த பின்னும் அது விலகவில்லை.

வில் நகரில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. ஓய்வு நாள்களில், மகள் லாராவின் குதிரை நிற்கும் கொட்டிலில் சாணி அள்ளுகிறார். மனைவி றோசலின், குடும்ப நண்பனான என்னைக் கண்டால் விடமாட்டார்: "மன்னார் றோட்டில கழுதையைக் கண்டு மதிலேறின மனுசன், இஞ்ச குதிரைக்கு இன்சூரன்ஸ் கட்டுறார். பாருங்கோ அண்ணை!" காப்புறுதி கிளமென்றின் பெயரில்தான் இருக்கிறது, குதிரை வாங்கியபோது லாராவுக்குப் பதினெட்டு நிரம்பவில்லை.

குதிரையின் பெயர் மிரா. சென்ற இலையுதிர்காலத்தில், சேணப்பட்டியை இறுக்கும்போதெல்லாம் காதை மடித்துக் கடிக்கத் தொடங்கியது. இரைப்பைப் புண்ணாக இருக்கலாம், கமரா விட்டுப் பார்க்கவேண்டும் என்றார் மிருக வைத்தியர். முரட்டுத்தனத்துக்கு உடல்நோவே காரணம் என்ற ஐயம் இருந்தால் பரிசோதனைச் செலவைக் காப்புறுதி ஏற்கும். மாத இறுதிக்குள் காரணம் தெரியாவிட்டால் மிரா தம்மிடத்தில் நிற்க முடியாது என்றார் கொட்டில் உரிமையாளர். கடிக்கிற குதிரையை இறைச்சி வணிகரைத் தவிர வேறு யார் வாங்குவார்?

லாரா அனுப்பிய கோரிக்கை தொடர்பாகக் காப்புறுதி நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. கிளமென்ற் எழுந்தார், பொத்தானைப் பூட்டினார். குதிரை கடிக்கிறதா என்று ஒரு பெண் கேட்டார். "இல்லை, இல்லை. நல்ல குதிரை. அலெஸ் குவெட்." கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

"ஏனப்பா அப்பிடிச் சொன்னீங்கள்?" என்று லாரா அழுதாள்.

"கடிக்குது எண்டா மிராவைக் கொண்டுபோயிடுவாங்கள் எண்டு நினைச்சன், பிள்ளை."

"சொல்லாட்டித்தான் அப்பா கொண்டுபோவாங்கள்!"

லாரா மீண்டும் முறையிட்டாள். தங்கள் வைத்தியர் ஒருவரை அனுப்பிப் பார்ப்பதாக நிறுவனம் இணங்கியது. அதுவரை கிளமென்ற் வீட்டுக்குள்ளும் முழுக்கைச் சட்டையோடு, மணிக்கட்டுப் பொத்தானைப் பூட்டியபடியே இருந்தார்.

"ஹீற்றர் எரியுது. உங்களுக்கென்ன, கலியாண வீடோ?" என்றார் றோசலின்.

"குளிருதப்பா."

வைத்தியர் வந்த அன்று நானும் கொட்டிலுக்குப் போயிருந்தேன். வேண்டாத நாளில் கடிக்கும் மிரா, அன்று பட்டியை இறுக்கியபோதும் ஆட்டுக்குட்டிபோல் நின்றது. வைத்தியர் கிளமென்றிடம் திரும்பி, ஏதாவது பிரச்சினையைக் கண்டிருக்கிறீர்களா என்று கேட்டார்.

கிளமென்றின் கை கழுத்துப் பொத்தானுக்குப் போனது. "அலெஸ்..." என்று தொடங்கி, மகளைப் பார்த்து, நின்றுவிட்டார். பிறகு இடது மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். மனைவிக்கும் காட்டாத காயம்: பிறை வடிவில், நீலமும் மஞ்சளுமாக, மிராவின் பற்கள் பதிந்திருந்தன.

அந்த மணிக்கட்டுப் பொத்தானை அவர் கடைசியாகப் பூட்டியது அன்று காலை, 2025 நவம்பர் 13.