அம்மா கார் ஓட்டிய காலம்

எங்கள் வீட்டில் காரை நன்றாக ஓட்டுவது அம்மாதான். ஜெலுத்தோங்கில் எங்கள் வரிசை வீடுகளில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். அப்பாவுக்கும் தெரியும். துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அவர் ஓட்டினால், ஒவ்வொரு முச்சந்தியிலும் காருக்கே சந்தேகம் வந்து நின்றுவிடும். அம்மா லைசென்ஸ் எடுத்த பிறகு பள்ளிக்கூடம், பாசார், கோயில் எல்லாவற்றுக்கும் அவர்தான் சாரதி. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவார். அப்போது அவர் முகத்தில் இருக்கும் தெளிவை நான் சமையலறையில் பார்த்ததில்லை.

அப்பாவின் பங்கு எஞ்சின் எண்ணெய். சில மாதங்களுக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில் பழைய சாரத்தைக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் நுழைவார். கறுத்துப்போன எண்ணெய் தகரச் சட்டியில் வடியும். புது எண்ணெயை ஊற்றிவிட்டு, அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் காட்டுவார். “பாத்தியா, தேன் மாதிரி.” தெருவில் யாராவது நின்று பார்த்தால் அந்த வேலை இன்னும் கொஞ்சம் நீளும். எண்ணெயை நேரத்துக்கு மாற்றுகிறவனை எஞ்சின் நடுவழியில் விடாது என்று எல்லோருக்கும் சொல்லுவார். பழைய ஜப்பான் கார்தான், ஆனால் அதுவரை விட்டதும் இல்லை.

எங்கள் தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் கடற்பாலம் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அக்கரையில், தாசேக் கெலுகோரில் பெரியம்மா வீட்டார் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார்கள். தங்கச்சி வந்துதான் பாலை அடுப்பில் ஏற்ற வேண்டும் என்று பெரியம்மா சொல்லியிருந்தார். அப்பாவுக்கு வலது மணிக்கட்டு சுளுக்கிக் கட்டுப் போட்டிருந்ததால், அம்மா முதல்முறையாகக் காரைப் பாலத்தில் ஏற்றினார். நான் பின்சீட்டில் புதுப் பால் பானையை மடியில் வைத்திருந்தேன். கடலுக்கு மேலே போகும்போது அம்மாவைக் கண்ணாடியில் பார்த்தேன், தானாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

செபராங் ஜெயாவைத் தாண்டி, இருபுறமும் செம்பனைத் தோட்டம் வந்த பிறகு அது நடந்தது. முன்பக்கம் எங்கோ ‘டப்’பென்று ஒரு சின்னச் சத்தம். அடுத்த நொடி எஞ்சின் சத்தமே இல்லை. பின்னால் வந்த லோரி ஹாரனை விடாமல் அடித்தது. பிரேக் கல்லாக இறுகிவிட்டது என்று அம்மா பிறகு என்னிடம் மட்டும் சொன்னார். இரண்டு கால்களாலும் மிதித்து, ஸ்டேரிங்கை ஒடித்து, காரை ஓரத்துப் புல்லில் ஏற்றி நிறுத்தினார். பானை என் மடியைவிட்டு அசையவில்லை.

அம்மா மறுபடி சாவியைத் திருகிப் பார்த்தார். எஞ்சின் சும்மா சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. அப்பா இறங்கி முன்மூடியைத் திறந்து, இடது கையால் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார்.

“எண்ணெய் சரியாத்தான் இருக்கு” என்றார்.

மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் சேதி கொண்டுபோக, பெரியப்பா தன் வேனில் வந்து சேர்ந்தார். காரைச் சுற்றி வந்துவிட்டு, “யாரு ஓட்டுனது?” என்று கேட்டார்.

“அவதான்” என்றார் அப்பா.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் கடந்து, யாரோ பாலைப் பொங்கவைத்து முடித்திருந்தார்கள். பந்தியில் அன்றைக்கு எங்கள் கார்தான் பேச்சு. “பொம்பள கையில குடுத்தா எஞ்சின் தாங்குமா லா?” என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அப்பா டம்ளரைக் கீழே வைக்கச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அம்மா வரிசையில் குனிந்து சாம்பார் ஊற்றிக்கொண்டு போனார்.

காரைக் கட்டி இழுத்து எங்கள் வட்டாரத்துப் பட்டறையில் விட்டார்கள். சில நாள் கழித்து நாங்கள் மூவரும் போய்ப் பார்த்தோம். எஞ்சினின் தலை தனியே கழன்று கிடந்தது. பட்டறைக்காரச் சீனர், உள்பக்கம் பல் பல்லாக இருந்த ஒரு ரப்பர் பட்டையைத் தூக்கிக் காட்டினார். அது அறுந்து, பாம்புச் சட்டைபோலத் தொங்கியது. எஞ்சினின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பெல்ட்டாம். அது அறுந்ததும் மேலும் கீழும் மோதி வால்வுகள் வளைந்துவிட்டன.

“போன வருசமே சொன்னேனே, அண்ணாச்சி. இதுக்கு வயசாயிடுச்சு, மாத்திடுங்கன்னு” என்றார் மலாயில். “எண்ணெய் மாத்துனா இது புதுசாவாது. அறுந்த பிறகு இத மட்டும் மாத்தியும் பிரயோஜனமில்ல. யார் ஓட்டியிருந்தாலும் அறுந்திருக்கும்.”

அப்பா பட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மாவுக்கு மலாய் நன்றாகவே தெரியும். அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, சாலையில் போகிற பேருந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த விசேஷத்தில் பெரியப்பா அதே கேலியை எடுத்தபோது, இப்போது அப்பா சொல்லுவார் என்று காத்திருந்தேன். அப்பா சிரித்தார். பிறகு அம்மாவாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் பெரியம்மாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கார் திரும்பி வந்த அன்று மாலை, அப்பா அதைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தினார். சாவியை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தார். அவர் அங்கே வருவது அபூர்வம்.

“கோயில் வரைக்கும் போயிட்டு வரலாமா? நீயே ஓட்டு. பெல்ட்டு புதுசு” என்றார்.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எனக்குக் கண்ணு சரியில்லைங்க. நீங்களே ஓட்டுங்க.”

அப்பா நீட்டிய சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு போய்விட்டார். அதன்பின் அம்மா சாவியைத் தொடவே இல்லை. எங்கு போனாலும் என்னோடு பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

நான் பயந்துபோனேன். அம்மாவுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்றே நினைத்தேன். கோயிலில் அவர் கண்ணுக்காக வேண்டிக்கொண்டேன். ஊசியில் நூல் கோத்துத் தருகிறேன் என்று அடம்பிடித்தேன். அவர் ஊசியை என்னிடம் கொடுத்துவிடுவார். எனக்கு நூல் வழுக்கி வழுக்கிப் போகும். கடைசியில் அவரே வாங்கி, மங்கிய விளக்கடியில், ஒரே முயற்சியில் கோத்துவிடுவார். அதைப் பார்த்த பிறகும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கண் தேறி வருகிறது என்று சந்தோஷப்பட்டேன்.