ஊரின் ஒரே வண்டார்குழலி

செவ்வாய்க்கிழமை காலை பால் வாங்கப் போன இடத்தில் துக்கச் செய்தி கிடைத்தது. "வண்டு அத்தை பூட்டாங்கண்ணா" என்றார் கடைக்காரர். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பாதி காலியாகிவிட்டது. மிச்சப் பாதி நாமெல்லாம்தான்.

வண்டார்குழலி என்பது அத்தையின் முழுப் பெயர். வண்டு மொய்க்கும் கூந்தல்காரி. அவர் படித்த காலத்தில் வகுப்பிலேயே இன்னொரு வண்டார்குழலி இருந்தாராம். பிறகு சுமதிகள் வந்தார்கள், பிரியாக்கள் படையெடுத்தார்கள். இப்போது 'ஷிகா'வில் முடியாத குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே விடுவதே இல்லை. கணவரின் பிரெஞ்சுப் பட்டாளப் பென்ஷனுக்காக அத்தை தூதரகத்துக்குப் போயிருந்தபோது, ஒரு பிரெஞ்சு அதிகாரி அவர் பெயரைப் படிக்கத் தொடங்கினார். முடிப்பதற்குள் மதிய இடைவேளை வந்துவிட்டது.

கண்ணை மூடுவதற்குள் இன்னொரு வண்டார்குழலியைப் பார்த்துவிட வேண்டும் என்பதே அத்தையின் ஒரே ஆசை. யார் வீட்டில் பெண் பிறந்தாலும் போய்க் கேட்பார்.

"எம் பேர வையேண்டி."

"அத்தே, புள்ள இந்தப் பேர எழுதக் கத்துக்கறதுக்குள்ள பத்தாவது பரீட்ச வந்துடும்."

அத்தையும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு, அடுத்து யார் வீட்டில் பிரசவம் என்று விசாரிப்பார்.

ஆனால் தொட்டில் போடும்போது குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல நம் தெருவுக்கே அத்தைதான். என் மகளுக்குச் சொன்னபோது தொட்டிலைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். "திவ்யா, திவ்யா" என்றவர், மூன்றாவது முறை குரலைத் தாழ்த்தினார்: "வண்டார்குழலி."

நிமிர்ந்து பார்த்தேன்.

"இன்னாடா முழிக்கற? ரெண்டு உன்னுது, ஒண்ணு என்னுது. உனுக்கு இன்னா கொறஞ்சி பூடுச்சு?"

"எத்தினி வருஷமா அத்தே இந்த வேல?"

"உங்க அக்கா பொண்ணுலேர்ந்து. வாயத் தொறந்த, மீசைய வழிச்சுடுவேன்."

மீசைக்காக மூடிய வாயை இன்று திறக்கிறேன். நம் தெருப் பெண்களே, பாரீசில் குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பவர்கள் உட்பட, அத்தை காதில் பெயர் சொன்ன நீங்கள் அத்தனை பேரும் வண்டார்குழலிகள். பூமியில் வேறெங்கும் இத்தனை பேர் கிடையாது. ஊருக்குத் தெரியாவிட்டாலும், தெருவில் நீங்கள் ஓடியாடியபோது அத்தை அப்படி ரசித்துப் பார்த்தது ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

அத்தை விட்டுப்போனதில் நான் எடுத்துக்கொண்டது அந்த வேலையைத்தான். ஞாயிற்றுக்கிழமை குருசுக்குப்பத்தில் அக்காவின் பேத்திக்குத் தொட்டில். காதில் பெயர் சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தன்ஷிகாவாம். நல்ல பெயர். இரண்டு முறை சொல்வேன்.