காது தெரிய ஒரு படம்

சின்னம்மாவுக்கு இடது காதின் கீழ்ப்பாதி இல்லை. யாழ்ப்பாணத்தில், நீர்வேலியில் எங்கள் வாழைத்தோட்டத்துக்குள் பீரங்கி ஷெல் விழுந்த அன்று, ஒரு துண்டு அதைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால் ஆளே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். வீட்டில் எல்லோரும் பிள்ளையாருக்கு நன்றி சொன்னார்கள். அதன்பிறகு அந்தக் காதைப் பார்க்க ஒருவரும் விரும்பவில்லை.

அதற்கு முன்னர் சின்னம்மா நேர் உச்சி பிரித்து, எண்ணெய் பூசி, ஒரு மயிரும் எழும்பாமல் பின்னுக்கு இழுத்து, ஒற்றைப் பின்னலோடுதான் பள்ளிக்கூடம் போவாள். பாலர் வகுப்புக்குப் படிப்பித்தாள். ஆஸ்பத்திரியால் வந்தபின் அவளுடைய தலையை அம்மா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். உச்சியை வலப்பக்கம் தள்ளிப் பிரித்து, இடப்பக்கத்து மயிரைக் காதின்மேல் தளர்வாகச் சரித்து, கீழே ஊசி குத்திய பிறகுதான் பின்னுவாள். காற்றடித்தால் சின்னம்மாவின் கை தானாகவே அந்தப் பக்கம் போகும். எட்டு வயதில் நான் அதைப் புது ஸ்டைல் என்று எண்ணி, எனக்கும் அப்படிப் பின்னிவிடச் சொல்லிக் கேட்டு அம்மாவிடம் அடி வாங்கினேன்.

அந்த வருடம் மாமா ஜேர்மனியில் இருக்கும் ஒருவரின் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். சாதகம் நன்றாகப் பொருந்தியது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு படம் கேட்டார்கள். காதைப் பற்றி மாமா அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. கலியாணம் முடிந்தபின் ஆறுதலாகச் சொல்லலாம் என்பது அம்மாவின் எண்ணம். சின்னம்மா பூமிசாத்திரப் புத்தகத்தை விரித்து, பனி பெய்யும் நாடு இதுதான் என்று எனக்குக் காட்டினாள்.

படம் எடுக்கப் போகும் நாள் அம்மா வழக்கத்தை விடக் கவனமாகப் பின்னி, மல்லிகைச் சரத்தை இடப்பக்கம் தொங்கவிட்டாள்.

"தலையிலை கை வைச்சிடாதை. எடுக்கேக்கை மெல்ல இடப்பக்கம் திரும்பி இரு."

தம்பிக்குக் காய்ச்சல் என்பதால் அம்மா வரவில்லை. சின்னம்மா சைக்கிள் மிதிக்க, நான் பின் கரியரில் இருந்து சுன்னாகத்துக்குப் போனோம். சண்டையால் கரண்ட் இல்லாத காலம். படக்காரர் கடையின் பின் முற்றத்தில் ஒரு நீலச் சீலையைத் தொங்கவிட்டு, வெயில் வெளிச்சத்தில்தான் படம் எடுத்தார். வயதான மனுசன்.

"பிள்ளை, பிலிம் தட்டுப்பாடு. ஒண்டுதான் எடுப்பன். ஆடாமல் இருக்கோணும்."

"ஒண்டு காணும் ஐயா. கொஞ்சம் பொறுங்கோ" என்றாள் சின்னம்மா.

சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் கனநேரம் நின்றாள். பிறகு பூச்சரத்தைக் கழற்றி என்னிடம் தந்தாள். ஊசிகளை உருவினாள். பின்னலை அவிழ்த்தாள்.

"சின்னம்மா, அம்மா ஏசுவா!"

"ஏசட்டும். உச்சி நேராய் வந்திருக்கோ எண்டு பார்."

வாளித் தண்ணீரில் கையை நனைத்து நனைத்து மயிரைப் படியவைத்தாள். முதல் பின்னல் கோணலாக வந்தது. அவிழ்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடி இழுத்து இறுக்கிப் பின்னினாள். நெற்றி பளபளத்தது. வலது காதில் தோடு, இடது காதில் தழும்பு.

படக்காரர் கமராவில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பிள்ளை, உப்பிடிக் கொஞ்சம் திரும்பினால் படத்திலை காது விழாது."

"நேராய் எடுங்கோ ஐயா."

வீட்டு வாசலில் எங்களைக் கண்டதும் அம்மா தலையில் கைவைத்தாள். "என்னடி செய்து வைச்சிருக்கிறாய்? உன்ரை வாழ்க்கையெல்லோ!"

"நான் அங்கை போய் இறங்கேக்கை கண்டு திடுக்கிடாமல், அந்தாள் இப்பவே பாக்கட்டும் அக்கா. பாத்திட்டுக் கூப்பிட்டால் நான் சந்தோசமாய்ப் போவன்."

வேறு படத்துக்கு வழியில்லை. கிளாலிக் கடலேரியைப் படகில் தாண்டிக் கொழும்புக்குப் போன ஒருவரின் கையில் அந்தப் படத்தையே மாமா கொடுத்துவிட்டார். மாரி மழை முடிந்து, தோட்டங்களில் வெங்காயம் நட்ட பிறகுதான் பதில் வந்தது. மாமா சைக்கிளை விட்டு இறங்காமல், நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "சாதகம் சரிவரேல்லையாம்."

"மாமா, அது முதலே பொருந்தினதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே வாய் வைத்ததற்கு அன்று ஒருவரும் என்னை ஏசவில்லை. மாமா தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார். அவருக்குப் போட்ட தேத்தண்ணியைச் சின்னம்மா நின்றபடியே முழுவதும் குடித்து முடித்தாள்.

அடுத்த நாள் காலையில் அம்மா சீப்பும் எண்ணெய்ப் போத்தலுமாக வந்து அவளைக் கூப்பிட்டு இருத்தினாள். நேர் உச்சி பிரித்தாள். இடது காதடியில் அம்மாவின் கை கொஞ்சம் நின்றது. பிறகு அங்கே கிடந்த மயிரையும் சேர்த்துப் பின்னுக்கு இழுத்தாள்.

"நோகுதோ?"

"இல்லை அக்கா. இன்னும் இழுங்கோ."

கிரகங்கள் ஓரிடத்தில் நில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் படித்திருந்தேன். பக்கத்தில் இருந்து அவர்கள் இருவரையும் பார்த்தபடி, படம் போய்ச் சேர்வதற்குள் எந்தக் கிரகம் இடம் மாறியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.